மிகுதி ஆயுள்: பூச்சியம்

கோபத்தோடு எதையும் எழுதாதே, ஆறவிட்டு எழுது என்பார்கள். இத்தனை வருடம் ஆறவிட்டுப் பார்த்துவிட்டேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன். நன்றாக நின்ற ஒரு வீட்டை நான் இடிக்க வைத்தேன். கணினித் திரையில் ஒரு பெட்டிக்குள் ஒரேயொரு இலக்கத்தை அடித்துத்தான் அதைச் செய்தேன். அதிலும் கேவலம், வீட்டுக்காரிக்கு நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் செய்தேன்.

சமாதான காலம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில், திருகோணமலை நகரத்தில் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்தேன். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், அளவு நாடாவையும் லப்ரொப் கணினியையும் தூக்கிக்கொண்டு உடைந்த வீடுகளைப் போய் அளப்பது. காலையில் லோஞ்ச் படகில் ஏறி மூதூர் இறங்குவேன். அங்கிருந்து திட்டத்தின் வான் வண்டியில் தோப்பூர், கிளிவெட்டி, பிறகு ஆமியின் கடைசிக் காவலரணான சென்ரிக்கு அங்காலே உள்ள கிராமங்கள். சென்ரியில் ஆமிக்காரர் லப்ரொப்பைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவிலுள்ள சூனியப் பகுதியைத் தாண்டினால் இயக்கப் பொடியன்களும் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் அதற்குள் என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை. எனக்கும் முழுக்க விளங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் இருந்தது ஒரு மென்பொருள். அதை எங்களுக்குப் பழக்க, கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்து உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். ஒரு கட்டடத்தை அது நிற்கிற நாளை மட்டும் வைத்துப் பார்க்கக்கூடாது என்றார். அதன் மண்ணை எங்கே தோண்டினார்கள், எதைப் போட்டுச் சுட்டார்கள், எவ்வளவு தூரம் ஏற்றி வந்தார்கள், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும், கடைசியில் இடித்தால் அதில் எது திரும்பப் பயன்படும், எது குப்பை, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வீடு என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். கல்லூரியில் எங்களுக்குக் கம்பியும் கலவையும் சொல்லித் தந்தார்களே தவிர இப்படி ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சிந்தனையில் எனக்கு இன்றைக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் நாள் கையை உயர்த்தி, "சேர், போர் வந்தால் இந்தக் கணக்கு என்னாகும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு எல்லை போடவேண்டும், போர் இந்தக் கணக்கின் எல்லைக்கு வெளியே இருக்கிறது என்றார். நானும் நல்ல பிள்ளையாக அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மூன்று தரம் இடம்பெயர்ந்து, இரண்டு பாடசாலைகளில் படுத்தெழும்பி வளர்ந்தவள் நான். அந்த இடத்தில் எழும்பி, "அப்படியென்றால் இது எங்கள் ஊர்க் கணக்கு இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்கு இறால் இருந்தது, அதைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மென்பொருள் பார்க்க அழகு. சுவர் என்ன வகை, கூரை என்ன வகை, எவ்வளவு சேதம் என்று பட்டியலில் தெரிவுசெய்து அழுத்தவேண்டும். கடைசியில் 'மிகுதி ஆயுள்' என்று ஒரு பெட்டி வரும். அந்தக் கட்டடம் இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்று களத்துக்குப் போன ஆள் அதில் இலக்கம் போடவேண்டும். இலக்கம் கொஞ்சம் பெரிதென்றால் வீடு திருத்த வேலைப் பட்டியலுக்குப் போகும். பூச்சியம் போட்டால் புது வீட்டுப் பட்டியலுக்குப் போகும். வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. தொடங்காத வேலை சிவப்பு, நடக்கிற வேலை மஞ்சள், முடிந்தது பச்சை.

அந்த அக்காவின் வீட்டுக்கு நான் போனது வைகாசி வெயிலில். கிளிவெட்டியிலிருந்து உள்ளே போகிற பாதையில், சென்ரி தாண்டி, வயல் ஓரத்தில் வீடு. அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் முந்திய சண்டையில் இல்லாமல் போனவர். பத்து வயதில் ஒரு மகள், அவளுக்கு மூச்சு இழுப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலில் இரண்டு பேரும் இருந்தார்கள். வீட்டின் நாலு சுவரும் செங்கல்லில் நேராக நின்றன. கூரைதான் இல்லை. ஒரு ஓடு, ஓட்டைத் தாங்கும் ஒரு சிலாகை, ஒரு கதவுகூட இல்லை.

"ஆர் கழட்டிக்கொண்டு போனது?" என்று கேட்டேன். களவு என்றால் சேதத்தில் பதிய வேறு இடம் இருந்தது.

"ஒருத்தரும் கொண்டுபோகேல்லை. நான்தான் கழட்டினனான்."

அவர் என்னைக் கிணற்றடிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மண்ணைக் காலால் தட்டிக் காட்டினார். கீழே வெட்டிய கிடங்கு. கிடங்குக்குள் மணலும் வைக்கோலும் போட்டு ஓடுகள் அடுக்கிக் கிடந்தன. சிலாகையும் வளை மரமும் குளத்துச் சேற்றுக்குள் அமிழ்த்திக் கிடந்தன. சேற்றுக்குள் கிடந்தால் செல், அதாவது கறையான், அரிக்காது. எது எந்த இடத்து மரம் என்று தெரிய, நுனியில் கத்தியால் வெட்டி அடையாளம் போட்டிருந்தார்கள். இடது பக்கம் என்றால் நேர்க் கீறு, வலது பக்கம் என்றால் சரிவுக் கீறு. கதவும் யன்னலும் தோப்பூரில் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நெல் அறைக்குள் இருந்தன.

"மற்றச் சனம் வெளிக்கிடேக்க உடுப்பைக் கட்டும். நாங்கள் ஓட்டை இறக்குவம்" என்றார் அக்கா. "இது மூண்டாந்தரம்."

"ஏனக்கா, களவு போகும் எண்டோ?"

"களவுக்கு இல்லை மிஸ். கூரை இருந்தா ஆமியோ மற்றவையோ வந்து இருப்பினம். இருந்தா பங்கர் வெட்டுவினம். பங்கர் வெட்டினா மற்றப் பக்கத்தால ஷெல் வரும். பிறகு என்ன செவர்? கூரை இல்லாத வீட்டை ஒருத்தரும் தேடி வராயினம். அதுதான் செவர் நிக்குது."

உப்புவெளி ஹோட்டலில் இரண்டு நாள் ஏசிக் குளிரில் இருந்து நான் படித்த பாடம் முழுவதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. கல்லு, அவர் சொன்னபடி, அவர்களுடைய வயல் களிமண்ணில் அரிந்தது, சொந்த நெல்லின் உமியில் சுட்டது. மரம் கழற்றலாம், பூட்டலாம். ஓடு மூன்று தரம் ஏறி மூன்று தரம் இறங்கியும் உடையாமல் கிடக்கிறது. அந்த நிபுணர் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்ட போரை, இந்த மனுசி கணக்குக்கு நடுவில் வைத்துத்தான் வீடு கட்டியிருக்கிறார். இதை எழுத அந்த மென்பொருளில் ஒரு பெட்டி இல்லை. கூரை வகை: ஓடு, அஸ்பெஸ்ரஸ், தகரம், கிடுகு, இல்லை. நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

என்னோடு அன்றைக்கு எங்கள் திட்டத்தின் மேசன் வந்திருந்தார். குறிஞ்சாக்கேணிக்காரர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி எங்கள் எல்லோருக்கும் 'நானா'. அவர் மேசன் கரண்டியின் பிடியால் சுவரை மூலைக்கு மூலை தட்டிக்கொண்டு போனார். மேலே மழை குடித்த இரண்டு கல் வரியைக் கையால் அசைத்துப் பார்த்தார்.

"மேல ரெண்டு வரியக் களட்டிட்டுப் புதுசா வெச்சாப் போதும் மிஸ். கீள உள்ளது நல்ல வேகல் கல்லு. இத உடைக்கப் போனா உடைக்கிறவனுக்குத்தான் கை உளையும்" என்றார்.

அக்கா கேட்டதும் அதுதான். மேல் வரிக்கும் பூச்சுக்கும் கொஞ்சம் சீமெந்து, இரண்டு மேசன். மாரிக்கு முன்னம் ஓட்டை ஏற்றிவிட வேண்டும். போன மாரி முழுக்க மகள் ஈரத்துக்குள் கிடந்து இழுத்திருக்கிறாள். "இன்னொரு மாரி அவள் கொட்டிலுக்குள்ள தாங்காள் மிஸ்" என்றார். அவ்வளவுதான் அவர் எங்களிடம் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு மழைக்கு முன் ஒரு கூரை.

இந்த இடத்தில்தான் என் தலைக்கனம் தொடங்குகிறது. திருத்த வேலைப் பட்டியல் அந்த வருடம் அசையாது என்று எனக்குத் தெரியும். புது வீடுகள் கட்டினால்தான் படம் எடுக்கலாம், பெயர்ப்பலகை நடலாம். திருத்த வேலையில் என்னத்தைப் படம் எடுப்பது? ஆகவே அவை அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம் என்று தள்ளிக்கொண்டே போயின. களத்துக்குப் போன நாங்கள் எல்லோரும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். சனத்தில் இரக்கப்பட்டு, நல்ல சுவருக்கும் பூச்சியம் போடுவோம். ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிச் சிரித்துக்கொள்வோம். கொழும்புக்காரரின் கணினியை ஏமாற்றி எங்கள் ஆட்களுக்கு வீடு வாங்கிக் கொடுக்கிறோம் என்று ஒரு பெருமை. எங்களைப்போல் கெட்டிக்காரர் இல்லை என்ற எண்ணம்.

"அக்கா, முழுச் சேதம் எண்டு போட்டா இந்த மாரிக்குள்ள புது வீடு. திருத்த வேலை எண்டா எப்ப எண்டு எனக்கே தெரியாது" என்றேன்.

"செவர் நல்லாத்தானே இருக்கு?"

"அது பதிவுக்கு மட்டும்தான் அக்கா."

அக்கா சுவரைப் பார்த்தார். கொட்டில் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். "நீங்கள் படிச்சனீங்கள். நல்லது எண்டா போடுங்கோ" என்றார். நானா கரண்டியைப் பைக்குள் போட்டார். நான் பூச்சியத்தை அடித்தேன்.

பூச்சியம் போட்டால் பழைய கட்டடத்தை இடித்து இடத்தைத் துப்பரவாக்க வேண்டும் என்ற வரி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் சாமான்கள் எல்லாம் வந்து இறங்கிய பிறகுதான் இடிப்பார்கள், ஒரு மாதத்தில் புதுச் சுவர் எழும்பிவிடும் என்று நினைத்தேன். எங்கள் அலுவலக யன்னலால் பார்த்தால் துறைமுகத்தின் அந்தக் கரையில் சீமெந்து மூட்டை கட்டுகிற ஆலை தெரியும். கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. இவ்வளவு சீமெந்து கண்ணுக்கு முன்னால் கிடக்கும்போது விரிகுடாவுக்கு அங்காலே ஒரு வீட்டுக்குச் சீமெந்து போகாமல் போகும் என்று ஆர் நினைப்பார்கள்? நினைத்திருக்க வேண்டும். நான் பிறந்ததிலிருந்து ஆமி சென்ரியைத் தாண்டிச் சீமெந்து போவதென்றால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

ஆவணியில் பணம் தருகிற நாட்டிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் பொறியியலாளர் வரைபடத்தை அலுவலகச் சுவரில் பெரிதாக விழுத்திப் பார்த்தார். சென்ரிக்கு அங்காலே முழுக்கச் சிவப்பு. அவருக்கு வியர்த்துவிட்டது.

"அவை வரமுன்னம் இதில ஒரு சிவப்பும் இருக்கக்கூடாது. பழசை இடிச்சாலே மஞ்சளாகும். இடிக்கச் சொல்லும்" என்றார்.

"சேர், சீமெந்துக்கு இன்னும் பெர்மிற் வரேல்லை. ஒரு லொறிதான் போகும் எண்டு சொல்லுகினம்."

"சீமெந்து வரும். நீர் முதல் இடத்தைத் துப்பரவாக்கும்."

நான் வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஒரு தரம் சொன்னேன், அவர் முகத்தைச் சுழித்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். நிரந்தர நியமனம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

இடிக்கிற அன்று நானும் போனேன். நானா சம்மட்டியைத் தொட மறுத்துவிட்டார். "நான் கட்டுற கூலிக்கு வந்தவன். நல்ல செவர உடைக்க என்னால ஏலாது மிஸ், வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வானுக்குள் போய் இருந்தார். அந்த ஊர் ஆட்கள் நாலு பேரைக் கூலிக்குப் பிடித்தோம். மிகுதி ஆயுள் பூச்சியம் என்று நான் எழுதிய சுவர் காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் விழமாட்டேன் என்று நின்றது. ஒரு மூலையை உடைக்கப் பகல் சாப்பாடு தாண்டிவிட்டது. அடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் லப்ரொப்பைப் பார்த்தேன்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. கல் விழ விழ, உடையாத கல்லாகப் பார்த்துப் பொறுக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். மகளும் ஒவ்வொரு கல்லாக நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வந்தவன், "அதெல்லாம் குப்பை, அப்புறப்படுத்த வேணும்" என்றான். அக்கா அவன் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை. கடைசிச் சுவர் விழுந்ததும் நான் 'இடம் துப்பரவு: முடிந்தது' என்று பதிந்தேன். புள்ளி மஞ்சளானது.

அந்த ஒரு லொறி சீமெந்து வந்தது. அத்திவாரம் போட்டோம், பழைய வீட்டை விடப் பெரிதாக, கொழும்பில் கீறிய படத்தின்படி. வந்த வெள்ளைக்காரர் வான் வண்டியிலிருந்து இறங்கி அத்திவாரத்தில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். அடுத்த லொறி சென்ரியில் நின்றது. முதலில் இன்றைக்கு நாளைக்கு என்றார்கள், பிறகு மேலிடத்து உத்தரவு என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. நாட்டில் மறுபடி குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. பாதுகாப்புக் காரணம் என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. பொறியியலாளர் அறையில் எத்தனை கடிதம் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை.

மாரி வந்தது. பழைய வீடு நின்றிருந்தால், சீமெந்தே இல்லாமல் மேல் வரியில் களியைப் பூசி ஓட்டை ஏற்றியிருப்பார்கள். இப்போது ஏற்ற ஓடு இருக்கிறது, மரம் இருக்கிறது, ஏற்றிவைக்கச் சுவர் இல்லை. கொட்டிலுக்குள் வெள்ளம். கார்த்திகையில் ஒரு நாள் மகளுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போய், உழவு மெஷின் பெட்டியில் கிடத்தி மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அக்கா கட்டிலின் காலடியில் நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும், "எப்ப மிஸ் சீமெந்து விடுவினம்?" என்று கேட்டார். ஒரு ஏச்சுக்கூட ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு வருடம் இப்படிக் கிடந்து அரிக்காது.

அடுத்த வருடம் சண்டை முழுசாகத் தொடங்கியது. அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க எழும்பி ஓடியது. அக்காவும் மகளும் கிளிவெட்டி முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தார்கள். எங்கள் அலுவலகம் அந்தப் பகுதியை மூடியது. வரைபடத்தில் அங்கிருந்த எல்லாப் புள்ளிகளும் சாம்பல் நிறத்துக்கு மாறின. அப்படி ஒரு நிறம் அந்த மென்பொருளில் இருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியும். எல்லைக்கு வெளியே இருந்த போர், கணக்கை மூடுகிறபோது மட்டும் வசதியாக உள்ளே வந்துவிட்டது. இறுதி அறிக்கைக்காக ஒவ்வொரு வீட்டுக்கும் காரணம் பதியச் சொன்னார் பொறியியலாளர். அந்த அக்காவின் வீட்டுக்கு 'போரினால் அழிந்தது' என்று அவரே தெரிவுசெய்து அழுத்தினார்.

"இதைப் போர் உடைக்கேல்லை சேர். நாங்கள்தான் உடைச்சனாங்கள்" என்றேன்.

"அப்பிடி ஒரு காரணம் லிஸ்ரில இல்லை" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே போனேன். கதவை அடித்துச் சாத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்த புரட்சி. மறுநாள் வேலைக்குப் போனேன்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் இன்னும் நடந்துகொண்டிருந்தபோது, சனத்தை ஊருக்குத் திரும்ப விட்டார்கள். எங்களுக்கும் புதுத் திட்டம் வந்தது. புது லப்ரொப், மென்பொருளின் புதுப் பதிப்பு. நானாவும் நானும் மறுபடி அந்தப் பாதையில் போனோம். போகும்போது நான் கண்ட காட்சியைச் சொல்கிறேன். எங்கள் பட்டியலில் இடம் கிடைக்காமல், எங்கள் அலுவலக வாசலில் வந்து கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போன குடும்பங்களின் வீடுகள், கூரை இல்லாமல், புல் முளைத்து, ஆனால் நாலு சுவரோடு நின்றன. சிலர் அதற்குள்ளேயே ஓட்டை ஏற்றிக் குடியிருந்தார்கள். நாங்கள் உதவி செய்த வீடுகளில்தான் வெறும் அத்திவாரம் கிடந்தது. நானா வானின் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்காவின் காணியில் எங்கள் அத்திவாரத்தின் ஒரு பாதியில் சுவர் எழும்பியிருந்தது. இடுப்பளவு உயரம். அன்று பொறுக்கிய முழுக்கல், அரைக்கல், துண்டுக்கல், எல்லாம் களிச் சாந்தில் வைத்திருந்தார்கள். வரி அவ்வளவு நேரில்லை. ஓட்டை ஏற்றச் சுவர் இன்னும் எழும்பாததால், மேலே நிவாரணத் தகரத்தைத் தடிகளில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மகள் வளர்ந்துவிட்டாள், சாந்து குழைத்துக்கொண்டு நின்றாள். மூச்சு இரைப்பது எனக்குக் கேட்டது.

நானா குனிந்து ஒரு மூலையைப் பார்த்தார். "ஆரு வெச்சது?" என்றார்.

"நானும் மகளும்தான்" என்றார் அக்கா.

"மூலைக்கு முளுக்கல்லு வைக்கணும். நாளைக்கு வாறன், களட்டி வெச்சித் தாறன். கூலி ஒண்டும் வேணாம்."

நான் லப்ரொப்பைத் திறந்தேன். அதே பெட்டி. இருக்கும் கட்டடத்தின் மிகுதி ஆயுள். இந்த அரைச்சுவருக்குப் பூச்சியம் போட்டால் புது வீட்டுப் பட்டியல். இந்த முறை சீமெந்து தாராளமாக வருகிறது, சென்ரியில் மறிப்பில்லை, நிச்சயம் கட்டுவார்கள். ஆனால் படம் வேறு, அளவு வேறு. அத்திவாரத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் கிளறி எடுத்துத் துப்பரவாக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரண்டு அறை, குசினி, மேலே அஸ்பெஸ்ரஸ் சீற். நான் எல்லாவற்றையும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். போன முறை நடந்தது என்னுடைய பிழை என்றும் சொன்னேன். இந்த முறை அப்படி நடக்காது, நான் பொறுப்பு என்றேன்.

அக்கா கையிலிருந்த சாந்தைச் சட்டி விளிம்பில் வழித்தார்.

"பூச்சியம் போடாதேங்கோ" என்றார்.

"அக்கா, வேற இலக்கம் போட்டா உங்கட பெயர் பட்டியலில வராது. திருத்த வேலைக்கு இந்த முறை காசே ஒதுக்கேல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு இழுப்பு."

"பிள்ளைக்கு இழுப்பு எண்டுதான் போன முறையும் ஓமெண்டனான்."

எனக்கு அந்த இடத்தில் அக்காவிலேயே கோபம் வந்தது. இதையும் மறைக்கக்கூடாது. கிடைக்கிற வீட்டை வேண்டாம் என்கிறாரே, இந்தப் பிடிவாதத்துக்கு மழை இரக்கப்படுமா என்று நினைத்தேன். வாதாடினேன். குரலை உயர்த்திக்கூடக் கதைத்தேன். ஆபீசில் பொறியியலாளருக்கு முன்னால் வராத குரல், சாந்துக் கையோடு நின்ற அந்த மனுசிக்கு முன்னால் வந்தது. அக்கா நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

"உங்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை மிஸ். நீங்கள் வீடு தருவியள், நான் நம்புறன். ஆனா தரமுன்னம் இதை உடைப்பியள். திரும்பவும் ஒருக்கா உடைக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது. உண்மையை எழுதுங்கோ."

"உண்மை எண்டா எத்தினை வருசம் எண்டு எழுத?"

"கட்டி முடியேல்லை. எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்கு என்ன தெரியுதோ அதை எழுதுங்கோ."

நான் நானாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மூலைக்கல்லைக் கழற்றத் தொடங்கிவிட்டார், எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் சுவரின் அருகே போய் முதன்முறையாகக் கையை வைத்துப் பார்த்தேன். இருபத்தைந்து என்று அடித்தேன். அந்த நொடியே அக்காவின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்தது. அந்த மென்பொருளுக்குள் நான் எழுதிய ஒரேயொரு உண்மை அதுதான், அதற்கு அந்தப் பிள்ளை இன்னும் ஒரு மாரி தகரத்துக்குக் கீழே கிடக்க வேண்டியிருந்தது.

லப்ரொப்பை மூடிப் பையில் வைத்தேன். வாசல் படலை வரைக்கும் அக்கா கூட வந்தார். படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏசுகிற குரலில்லாமல், வழமையான குரலில் சொன்னார்:

"அளக்க வாறதெண்டா இனி வராதேங்கோ. சும்மா வாறதெண்டா எப்பவும் வாங்கோ."

நான் ஓம் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பாதையால் வேலைக்காக எத்தனையோ முறை போயிருக்கிறேன், அளவு நாடாவும் லப்ரொப்பும் மடியில் வைத்துக்கொண்டு. அக்காவின் படலையைக் கடக்கும்போது மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வேன். சும்மா போக எனக்கு இன்னும் முகம் வரவில்லை.